சோபாவில் மட்டும் இடிக்காத இடி

எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்த முதல் வாரம். படத்தில் மழைக் காட்சி. மின்னல் வெட்டுகிறது, இடி இறங்குகிறது. காசு கொடுத்து வாங்கியவன் நான், ஹாலின் நடுவே டிவிக்கு நேர் எதிரே சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இடி என் காதுக்கு, பக்கத்து வீட்டில் யாரோ பீரோவை நகர்த்தியதுபோல வந்து சேர்ந்தது. பின்சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவோ, "டேய், அதைக் கொஞ்சம் குறைடா. நெஞ்சுக்குள்ள வந்து குத்துது" என்றாள். நான் எழுந்துபோய், தாழ்ந்த ஒலிகளுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டியின் பின்னாலிருந்த குமிழை இன்னும் கூட்டினேன். அம்மா பூவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

வாங்கிய கடையில் போய்க் கேட்டேன். "எட்டு இன்ச் எப்படி சார் பத்தும்? பன்னெண்டுக்குப் போயிடுங்க, பழசை நானே எடுத்துக்கறேன்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் ஓர் ஓட்டை இருந்தது. பெட்டிக்குத் தெம்பு போதாதென்றால் அது அம்மாவின் நெஞ்சில் எப்படிக் குத்தும்? ஒரே பெட்டி, ஒரே இடி. எனக்கும் அம்மாவுக்கும் நடுவே ஏழு அடி. அந்த ஏழு அடிக்குள் இடி எங்கே போகிறது என்று தேடியதில் ஒரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. ஒரு மைக் வாங்கியதைத் தவிர வேறு செலவில்லை.

சப்வூஃபர் எழுப்பும் ஒலியை முதலில் அடிக்கணக்கில் அளந்து பார்க்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் ஓடுகிறது. நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலியில், அதாவது 1000 ஹெர்ட்ஸில், ஓர் அலையின் நீளம் 35 சென்டிமீட்டர். ஒரு முழம்கூட வராது. அவ்வளவு சின்ன அலைக்கு நம் ஹால் ஒரு மைதானம். 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அலைநீளம் 8.7 மீட்டர், ஏறக்குறைய 28 அடி. 20 ஹெர்ட்ஸில் 57 அடி. என் ஹாலோ 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். ஹாலைவிடப் பெரிய அலை அதற்குள் எப்படி ஓடும்? ஓடாது. தளும்பும்.

கல்யாண வீட்டில் பாதி நிறைந்த அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நடை ஒரு குறிப்பிட்ட தாளத்துக்கு வந்ததும் தண்ணீர் ஒரு விளிம்பில் ஏறும், எதிர் விளிம்பில் இறங்கும். மறுகணம் மாற்றி ஏறும். வேட்டியை நனைப்பதெல்லாம் விளிம்புத் தண்ணீர்தான். அண்டாவின் நட்டநடுவில் ஒரு தக்கையை மிதக்கவிட்டால் அது பக்கவாட்டில் அசையுமே தவிர ஏறி இறங்காது. தண்ணீர் மட்டத்துக்குப் பதில் காற்றின் அழுத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் என் ஹால். அம்மா இருந்தது விளிம்பில். நான் தக்கை.

பிளஸ் ஒன் ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் குழாயில் இசைக்கவையைப் பிடித்துக் கேட்டவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். மூடிய முனையில் கணு, அங்கே அசைவே இல்லை என்றுதானே படித்தோம்? சுவரோரம் எப்படிச் சத்தம் அதிகமாகும்? பாடப் புத்தகம் சொல்வது காற்று நகர்வதைப் பற்றி. சுவரை ஒட்டிய காற்று நகர இடமில்லாமல் நெரிபடுகிறது, பிறகு இளகுகிறது. ஆகவே அங்கே நகர்வு குறைவு, அழுத்த ஏற்ற இறக்கம் அதிகம். நடு ஹாலில் நேர்மாறு: காற்று முன்னும் பின்னும் தாராளமாகப் போய்வருகிறது, அழுத்தம் அப்படியே நிற்கிறது. நம் செவிப்பறை அழுத்தத்துக்குத்தான் அசையும். பெரிய அலைமோதலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு "பேஸே வரலையே" என்று நான் குமிழைத் திருகியதன் காரணம் இதுதான்.

எந்த அதிர்வெண்ணில் தளும்பும் என்ற கணக்கு எளிது. ஒலியின் வேகத்தை, சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். என் ஹாலின் 15 அடி நீளத்துக்கு 38 ஹெர்ட்ஸ் வருகிறது. 12 அடி அகலத்துக்கு 48. 10 அடி உயரத்துக்கு 57. இவற்றின் மடங்குகளும் மூலைவிட்டக் கூட்டணிகளும் தனி. செவ்வக அறைக்குள் அடைபட்ட காற்று எப்படியெல்லாம் அதிரும் என்ற முழுக் கணக்கையும் ராலே பிரபு, 1877-78-இல் வெளியான தன் 'ஒலியின் கோட்பாடு' நூலிலேயே போட்டு வைத்துவிட்டார். வீட்டுக்குள் ஒலிபெருக்கி நுழைவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே. ஹாலைச் சதுரமாகக் கட்டியவர்கள் பாவம். 12-க்கு 12 என்றால் நீளமும் அகலமும் ஒரே 48-இல் கைகோத்துக்கொண்டு கத்தும்.

கணக்கு சரியா என்று பார்க்க, 38 ஹெர்ட்ஸ் தொனியைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு டிவிச் சுவரிலிருந்து பின்சுவர்வரை நடந்தேன். இதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஃபோனில் தொனி எழுப்பும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவருடன் இணைத்தால் போதும். சுவரோரம் காதை அடைக்கும் உறுமல். இரண்டடி, நான்கடி வைக்கும்போது தேய்கிறது. ஏழரை அடியில், சரியாகச் சோபாவின் குஷன்மேல் தலை வருகிற இடத்தில், யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் அடங்குகிறது. இன்னும் நடந்தால் மறுபடி எழுகிறது. சோபாவுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை இருந்ததால் அதை ஹாலின் நட்டநடுவில் போட்டிருந்தோம். அழகுக்குச் சரி, இயற்பியலுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

தொனி கேட்டுச் சலித்தால் இளையராஜா பாட்டு ஒன்றைப் போடுங்கள். பேஸ் கிடாரை வெறும் தாளத் துணையாக விடாமல் தனிப் பாடகனைப்போல நடக்கவிட்டவர் அவர். அந்த நடையில் ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தில் விழ வேண்டும். பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஜி சுரம் 49. என் ஹாலின் அகலத் தளும்பல் 48. ஆகவே அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் சோபாவின் ஓரத்தில் இருக்கும் மகளுக்குத் தலையில் முட்டும்; நடுவில் இருக்கும் எனக்குப் படியில் ஒரு பலகை இல்லாததுபோல் கால் சறுக்கும். "நல்ல பேஸ்" என்று பலர் சொல்வது உண்மையில் தங்கள் ஹாலின் ஒரே ஒரு சுரத்தைத்தான். எந்தப் பாட்டு போட்டாலும் அதே 'பூம்'.

நம் வீடுகளுக்கென்று ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். தாழ்ந்த ஒலி வந்து மோதும்போது அவை கொஞ்சம் வளைந்துகொடுத்து ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம்முடையது செங்கல், சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். எதுவும் அசையாது. மோதியதில் பெரும்பகுதி அப்படியே திரும்பி வரும். மேடுகள் இன்னும் உயரம், பள்ளங்கள் இன்னும் ஆழம். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரும் அறிவுரைகளை இந்தக் கழிவோடுதான் படிக்க வேண்டும்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. முட்டை அட்டை உச்ச அதிர்வெண்களின் எதிரொலியைக் கொஞ்சம் கலைக்கலாம். 40 ஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சுகிற பஞ்சுக்குக் கால் அலைநீளக் கனமாவது வேண்டும், அதாவது ஏழு அடி. ஹாலில் பஞ்சு இருக்கும், மனிதர்கள் வெளியே நிற்க வேண்டும்.

இந்தத் தாழ்ந்த ஒலிகளைச் சினிமா எப்போது இவ்வளவு விரும்பத் தொடங்கியது? 1974-இல் யுனிவர்சல் நிறுவனம் 'எர்த்க்வேக்' படத்துக்காகச் 'சென்சரவுண்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. திரையில் நகரம் குலுங்கும்போது பார்வையாளரின் நாற்காலியும் குலுங்கும்படி, செர்வின்-வேகா நிறுவனத்தின் ராட்சதப் பெட்டிகளை அரங்குக்குள் அடுக்கினார்கள். ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து தலையில் விழாமலிருக்க மேலே வலை கட்ட வேண்டியிருந்தது. பிறகு டிஜிட்டல் காலம் வந்தபோது, இடிக்கும் வெடிக்கும் என்றே தனித் தடம் ஒன்றை ஒதுக்கினார்கள். 5.1 என்பதிலுள்ள அந்தப் புள்ளி ஒன்று அதுதான். 1987-இல் அந்தப் பெயரைச் சொன்னவர் டாம்லின்சன் ஹோல்மன் என்ற ஒலிப் பொறியாளர். மற்ற ஐந்து தடங்களும் 20,000 ஹெர்ட்ஸ்வரை போக, இது 120-உடன் நின்றுவிடும். கணக்குப் பார்த்தால் 5.006 என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப் பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்?

அதே ஹோல்மன்தான் லூகாஸ்ஃபிலிமில் டிஹெச்எக்ஸ் தரத்தை உருவாக்கியவர். வீட்டு அரங்குக்கு அந்தத் தரம் வகுத்த எல்லைக்கோடு 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்கு, மேலே உள்ளது மற்ற ஸ்பீக்கர்களுக்கு. காரணம் நம் காதுதான். அந்த அளவுக்குத் தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறைக்குள் நம்மால் சொல்ல முடியாது. பெட்டி எங்கே இருந்தாலும் இடி திரையிலிருந்து வந்ததாகவே மனசு எடுத்துக்கொள்ளும். கோட்டை 150, 200 என்று ஏற்றினால் இந்த ஏமாற்று பலிக்காது. ஆண் குரலின் அடித்தளமே 85-இலிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. உள்ளங்கை அகல ஸ்பீக்கர்களோடு வரும் மலிவான செட்டுகளில், கதாநாயகன் டிவியில் வாயசைக்க, குரலின் பாதி மூலையிலிருக்கும் பெட்டியிலிருந்து வருவது இதனால்தான்.

ஆள் உயர ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு மானப் பிரச்சினை. ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 'லார்ஜ்' அல்லது 'ஸ்மால்' என்று குறிக்கச் சொல்லும். லட்ச ரூபாய் ஸ்பீக்கருக்கு 'ஸ்மால்' என்று போட யாருக்கு மனம் வரும்? போடத்தான் வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பெட்டியின் உயரத்தோடு சம்பந்தமில்லை. "80-க்குக் கீழே உள்ளதை இதற்கு அனுப்பாதே" என்று மட்டுமே பொருள். அப்புறம், சப்வூஃபரின் முதுகிலேயே ஒரு கிராஸ்ஓவர் குமிழ் இருக்கும். ரிசீவர் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்ததை அது இரண்டாம் முறை சலிக்கும். அதைக் கடைசிவரை திருகி வைத்துவிட்டு, அல்லது 'எல்எஃப்இ' என்று எழுதிய துளையில் கேபிளைச் செருகிவிட்டு, மறந்துவிடலாம்.

இனிப் பெட்டியை எங்கே வைப்பது? அண்டாவுக்கே திரும்பிப் போவோம். உள்ளங்கையால் விளிம்புத் தண்ணீரைத் தாளத்தோடு அழுத்திப் பாருங்கள். நாலே அழுத்தில் அண்டா முழுக்கத் தளும்பும். அதே தாளத்தில் நடுவில் அழுத்தினால் அந்தத் தளும்பல் எழவே எழாது. கேட்கும் இடத்துக்கு உள்ள அதே விதிதான் எழுப்பும் இடத்துக்கும். மூன்று சுவர்ப்பரப்புகள் கூடும் மூலையில் வைத்த சப்வூஃபர், ஹாலின் எல்லாத் தளும்பல்களையும் ஒன்றுவிடாமல் எழுப்பும். சத்தம் நிறைய வரும், பெட்டி சிறியது என்றால் அது உதவிதான். ஆனால் மேடு பள்ளமும் அதிகம். கடைக்காரர்கள் மூலையில் வைத்துவிட்டுப் போவதற்குக் காரணம், அங்கே ஒயர் தெரியாது என்பது.

எழுப்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் முடிவு மாறாது என்பதால் ஒரு வேடிக்கையான சோதனை சாத்தியமாகிறது. பெட்டியைத் தூக்கிச் சோபாவில், நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, அது இருக்கப்போகும் தரைமட்டத்தில் நாம் தவழ்ந்து காதால் தேட வேண்டும். எங்கே காதுக்குச் சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டி. அப்போது சோபாவில் அதே ஒலி.

அதற்கு முன் சோபாவை இரண்டடி பின்னுக்குத் தள்ளினேன். சாப்பாட்டு மேசைக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம் என்ற நிலை. வீட்டில் அதற்கு நடந்த பேச்சுவார்த்தை இந்தக் கட்டுரைக்கு வெளியே. டிவிச் சுவரிலிருந்து ஒன்பதரை அடி. கணக்குப்படி, அந்த இடத்தில் 38 ஹெர்ட்ஸ் சுவரோரத்தைவிட 8 டெசிபல் மட்டுமே குறைவு; முன்பு சுத்தமாக அணைந்த இடத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வரவு. பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, 20-இலிருந்து 120 ஹெர்ட்ஸ்வரை மெதுவாக ஏறும் தொனியைச் சுழலவிட்டு, டிவிச் சுவரோரம் நாலுகாலில் நகர்ந்தேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா தொலைச்ச?" என்றாள். மகள் முதுகில் ஏறிக்கொண்டாள்.

மூலையில் தொனி ஏறும்போது அங்கங்கே குதித்தது, குறிப்பாக 95-ஐ ஒட்டி ஒரு முரட்டுக் குதி. டிவிக்கு நேர் கீழே வந்தபோதும் அதே குதி. மூலையிலிருந்து மூன்றடி வந்ததும் அது அடங்கிற்று. அந்த அளவு தற்செயலாக வந்ததில்லை. அகலத்தின் இரண்டாவது தளும்பல் 95 ஹெர்ட்ஸ். அதற்கு அழுத்தமற்ற கோடுகள் அகலத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் விழும். 12 அடியில் கால் பங்கு மூன்றடி. தவழ்ந்து கண்டுபிடித்ததைக் காகிதமும் ஒப்புக்கொண்டபோது உண்டான சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

ஒன்றுக்கு இரண்டு பெட்டி வைத்தால் இன்னும் நல்லது. கூடுதல் சத்தம் அதில் இரண்டாம்பட்சம். அண்டாவின் எதிரெதிர் விளிம்புகளில் இரண்டு உள்ளங்கைகளை வைத்து ஒரே சமயத்தில் அழுத்துங்கள்: ஒரு கை ஏற்ற நினைக்கும் தளும்பலை மறு கை இறக்கிவிடும். ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி 2002-இல் இதையே கணினியில் ஒவ்வோர் அமைப்பாகப் போட்டுப் பார்த்தார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு, அல்லது நான்கு சுவர்களின் நடுவிலும் நான்கு என்று வைத்தால் இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவது வெகுவாகக் குறைகிறது. அதற்கு மேல் எண்ணிக்கையைக் கூட்டிப் பெரிய லாபமில்லை என்பது அவர் கண்ட முடிவு. கடைக்காரர் சொன்ன ஒரு பன்னிரண்டு இன்ச்சுக்குப் பதில் இரண்டு எட்டு இன்ச் வாங்குவது பல ஹால்களில் புத்திசாலித்தனம். அவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: ஒலியின் அதிர்வெண் ஒவ்வொரு முறை பாதியாகும்போதும், அதே சத்தத்துக்குத் தள்ள வேண்டிய காற்று நான்கு மடங்காகிறது. 80-இல் கோன் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால், 20-இல் 16 மில்லிமீட்டர் அசைய வேண்டும். அந்த ஆழத்துக்குப் பெரிய கோன்தான் வேண்டும். எட்டு இன்ச்சிடம் 20 ஹெர்ட்ஸைக் கேட்பது நியாயமில்லை.

பெட்டியில் ஓட்டை இருப்பதா, மூடியிருப்பதா என்ற சண்டை ரசிகர்களிடையே ஓயாது. குடத்தின் வாயில் ஊதினால் ஒரு சுரம் எழுகிறதே, ஓட்டை வைத்த பெட்டி அந்தக் குடம்தான். அந்தச் சுரத்தை ஒட்டிக் கூடுதல் பலம் கிடைக்கும், அதற்குக் கீழே மூடிய பெட்டியைவிட வேகமாகக் கைவிட்டுவிடும். சிறிய ஹாலுக்கு எனக்கு மூடியது பிடிக்கும். மாற்றுக் கருத்துக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

இடம் அமைந்தபின்தான் குமிழ்கள். முதலில் ஃபேஸ். 80 ஹெர்ட்ஸில் சப்வூஃபரும் முன் ஸ்பீக்கர்களும் இரண்டும் ஒலிக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் காற்றைத் தள்ளினால் சேரும்; ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் கழியும். 80 ஹெர்ட்ஸில் பாதி அலை என்பது ஏழு அடிதான், ஆகவே பெட்டிகள் நிற்கும் தூர வித்தியாசமே கவிழ்த்துவிடப் போதும். 80 ஹெர்ட்ஸ் தொனியை எல்லாவற்றிலும் ஒலிக்கவிட்டு நான் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டேன். மகள் பெட்டிக்குப் பின்னால் குத்தவைத்துக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். "இப்போ?" "இல்ல." "இப்போ?" "இன்னும்." ஓரிடத்தில் ஒலி சட்டென்று தரையை விட்டு எழுந்து மடியில் ஏறியது. "அங்கேயே நிறுத்து!" அவள் கைபதறி அதையும் தாண்டித் திருகிவிட்டாள். மறுபடி முதலிலிருந்து.

ரிசீவர் தன் குட்டி மைக்கை வைத்து ஸ்பீக்கர் தூரங்களைத் தானே அளக்கும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். சப்வூஃபர் பத்தடியில் இருக்க, ரிசீவர் பதினாறு அடி என்று காட்டும். மக்கு மெஷின் என்று டேப் வைத்து அளந்து 'திருத்தி' விடுவார்கள். மெஷின் அளப்பது நேரத்தை. சப்வூஃபருக்குள் இருக்கும் வடிகட்டிகளும் ஆம்பும் ஒலியைச் சில மில்லிநொடி தாமதப்படுத்துகின்றன. ஐந்து மில்லிநொடி என்பது ஐந்தே முக்கால் அடிக்குச் சமம். அது காட்டும் எண்ணை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அளக்கும்போது மின்விசிறியை அணையுங்கள், ஃபிரிட்ஜையும். மைக் காது உயரத்தில், சோபாவின் முதுகுக் குஷனை விட்டு விலகி, ஏதாவது ஸ்டாண்டில் நிற்க வேண்டும். கையில் பிடிக்கக் கூடாது.

அடுத்தது அளவு. சோதனை இரைச்சலில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் சோபாவில் 75 டெசிபல் காட்டும்படி வைப்பது வழக்கம், சப்வூஃபரும் அதேபோல. வைத்துப் பார்த்தால் பலருக்கும் பேஸ் குறைவாகத் தோன்றும். தோன்றுவது பிழையில்லை. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வரைகோடுகளே இதைச் சொல்லிவிட்டன: சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, நம் காது முதலில் கைவிடுவது தாழ்ந்த ஒலிகளைத்தான். 1000 ஹெர்ட்ஸில் பூஜ்ய டெசிபலை ஒட்டிக் கேட்கத் தொடங்கும் நமக்கு, 20 ஹெர்ட்ஸ் காதில் விழவே சுமார் 78 டெசிபல் வேண்டும். படத்தை ஒலிக்கலவை செய்தவர் கேட்ட உரத்தில் நாம் வீட்டில் கேட்பதில்லை; அப்படிக் கேட்டால் அடுக்ககச் சங்கம் கூடிவிடும். ஆகவே இரண்டு மூன்று டெசிபல் கூட்டி வைப்பதில் பாவமில்லை. அதற்கு மேல் போகாதீர்கள். 20 ஹெர்ட்ஸில் கேட்கவே கேட்காததிலிருந்து பேரிரைச்சல்வரை உள்ள தூரம், 1000 ஹெர்ட்ஸில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். குமிழின் சின்ன அசைவும் காதுக்குப் பெரிதாகத் தெரியும்.

கடைசியாகச் சமன்செய்தல். ஒரு யுஎஸ்பி அளவீட்டு மைக் வாங்கினேன். 'ரூம் ஈக்யூ விஸார்ட்' என்ற இலவச மென்பொருள் மடிக்கணினியில் ஹாலின் வரைகோட்டைப் போட்டுக் காட்டியது. 38-இல் ஒரு குன்று, 57-இல் ஒரு மேடு, 70-ஐ ஒட்டி ஒரு கிணறு. குன்றை வெட்டலாம். வெட்டினால் சத்தம் குறைவதோடு அந்தச் சுரம் இழுபட்டு ரீங்கரிப்பதும் குறைகிறது. இடி விழுந்ததும் நிற்கிறது. கிணற்றை நிரப்பத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அங்கே ஒலி குறைவாக இருக்கக் காரணம், போகும் அலையும் திரும்பும் அலையும் கழித்துக்கொள்வது. நீங்கள் பத்து டெசிபல் கூட்டினால் ஆம்ப் பத்து மடங்கு மின்திறன் கொடுக்கும், போகும் அலை ஏறும், கூடவே திரும்பும் அலையும் ஏறும், கழித்தல் அப்படியே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான். கோன் கிழிவது மட்டும் மிச்சம். கிணற்றைச் சோபாவை நகர்த்தியோ பெட்டியை நகர்த்தியோதான் தூர்க்க முடியும். நான் 38-ஐயும் 57-ஐயும் வெட்டிவிட்டு 70-ஐ விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஹால் பாடத் தொடங்கியது. மெதுவாக ஏறும் தொனியைப் போட்டால் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு பொருள் வாய் திறக்கிறது: பீரோவின் கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, ஷோகேஸ் தட்டு, சுவர்க் கடிகாரம். ஒரு மணியோசையை மட்டும் இரண்டு நாள் தேடினேன். சாமி அலமாரியில் இருந்த கைமணிதான். யாரும் தொடாமலே பூஜை நடத்திக்கொண்டிருந்தது. அடியில் துணி வைத்தேன். பெட்டிக்குக் கீழே வைத்த ரப்பர் அட்டை தரை வழியே போகும் அதிர்வைக் கொஞ்சம் தடுக்கிறது. காற்று வழியே கீழ்வீட்டுக்குப் போவதை எந்த அட்டையும் தடுக்காது. இரவு பத்துக்கு மேல் ரிசீவரின் நைட் மோட் பொத்தான்தான் நல்லுறவு. சிலருக்குப் படம் போடாதபோதே பெட்டி 'ம்ம்' என்று முனகும். கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் எலெக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்க வேண்டாம், அது உயிரோடு விளையாடுவது.

அந்த மழைப் படத்தைத் திரும்பப் போட்டேன். மின்னல் வெட்டியது. இடி எங்கோ தொலைவில் உருண்டு, நெருங்கி, சோபாவுக்கு அடியில் புகுந்து, தடாலென்று நின்றது. மகள் காலைத் தூக்கிக்கொண்டாள்.

அம்மாவின் சிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. பின்சுவரோரம் அழுத்தம் எப்போதும் அதிகம்தான். என்ன வெட்டினாலும் சோபாவைவிட அங்கே கூடுதலாகவே இருக்கும். அவளிடம் நான் கணு எதிர்க்கணு எதையும் விளக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பிளாஸ்டிக் நாற்காலி சோபாவுக்கு இரண்டடி முன்னால், டிவியை மறைக்காதபடி ஓரமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. டேப் வைத்து அளந்தேன். டிவிச் சுவரிலிருந்து ஏழரை அடி. "இங்கதான்டா தொந்தரவில்லாம இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா பூவைத் தொடுத்தாள்.